டோலோரெஸ் கீழே வைத்த பென்சில்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கிராசியேலா பேசினாள். தாயார் டோலோரெஸ் அதிகாலையில் இறந்துவிட்டார் என்றும், தான் பக்கத்திலேயே இருந்ததாகவும் சொன்னாள். பக்கத்தில் இருந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அந்த மகள் அந்தத் தாயின் பக்கத்தில் இருந்தாள் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

டோலோரெஸை உங்களுக்குத் தெரியும். ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில் நமது மரக்கறிக் கடைகளின் வரிசையில், மூலையில் இருக்கும் புகைப்பட ஸ்ரூடியோவின் பின்னறையில் படங்களைத் திருத்தியவர். நமது கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் நடக்கும் ஸ்பானியப் பூசைக்கு வருவார். கொலம்பியாவின் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். நம்மவர்களில் எவருக்கும் குறையாத கறுப்பு. கோவில் வாசலில் ஒருவர் அவரிடம் "அன்ரி, நீங்கள் மன்னாரோ?" என்று கேட்டே விட்டார். பெயரும் அந்நியமானதல்ல. நம் ஊரில் பிள்ளைகளுக்கு வியாகுலம் என்று வைப்போமே, அதுதான் அவர்கள் மொழியில் டோலோரெஸ்.

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கலியாணப் படத்தையும், பிள்ளை கோவிலில் முதல்நன்மை வாங்கிய படத்தையும் இன்று ஒருமுறை நின்று பாருங்கள். அதிலுள்ள நிறம் பெரும்பாலும் டோலோரெஸ் தந்தது. நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் பென்சிலால் மெல்லத் தடவினால், படத்தில் அந்த இடம் வெளிறி வரும். அவர் கை பட்டது எவருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

என் மகள் ஜெசிந்தாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிய காலத்தில், அவளுடைய படத்தோடு நானும் அந்தப் பின்னறைக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே டோலோரெஸ் தமிழில் கேட்டார்: "கொஞ்சம் வெள்ளை? இன்னும் வெள்ளை?" நம் பெண்கள் கற்றுக்கொடுத்திருந்த தமிழ் அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும்" என்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னது நான்தான்.

படம் றிச்மண்ட் ஹில்லில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தார்கள். ஜெசிந்தா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ தங்கச்சியோ? படத்திலை இருந்த பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்."

எனக்கு ஒரே ஒரு மகள். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"அது நான்தான் அன்ரி. அம்மா கடையிலை குடுத்து வெளுப்பிச்சவ. இன்னும் காயேல்லை."

அவர்கள் பலகாரத்தைத் தொடாமலே எழுந்தார்கள். அந்த மாதமே ஜெசிந்தா பிக்கரிங்கில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குக் குடிபோனாள். நான் தொலைபேசி எடுத்தால் அந்தச் சிநேகிதிதான் பேசுவாள்.

என் பிழையை இறக்கி வைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஸ்ரூடியோவுக்குப் போய், கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி டோலோரெஸைத் திட்டினேன். நான் ஓய்ந்ததும் அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு ஒரு ஸ்பானிய வாரப் பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தார். அட்டையில் முடிசூடிய ஒரு பெண். பளிங்குபோல் வெள்ளை.

"என் மகள்" என்றார்.

இங்குள்ள ஸ்பானிய மொழிக்காரரின் கோடை விழாவில் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அழகுராணியைத் தெரிவுசெய்வார்கள். அந்த மேடையில் முதன்முதலாக வென்ற கறுப்புப் பெண் கிராசியேலா. பத்திரிகை ஆசிரியர் நெகட்டிவைக் கொண்டுவந்து, அட்டைக்கு வெளிச்சம் போதாது என்றாராம். "வேறு ஒருவர் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார் என்று நானே செய்தேன்" என்றார் டோலோரெஸ். பத்திரிகை வந்ததும் கிராசியேலா தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இது யாருடைய மகள்?" அதன்பின் மொன்றியலுக்குப் போனவள், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் தொலைபேசி எடுப்பாள்.

அன்று முதல் சனிக்கிழமைகளில் அவரோடு போய் இருப்பது எனக்கு வழக்கமாயிற்று. பின்னறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. வாடகைக் கசெற்றில் ஸ்பானியத் தொடர் நாடகங்கள் ஓடும். கதாநாயகிகளுக்குப் பொன் தலைமுடி. கறுத்த பெண் வந்தால் கதவு திறப்பாள், தட்டுத் தூக்குவாள், போய்விடுவாள். "என் சொந்தக்காரி வந்துவிட்டாள்" என்று டோலோரெஸ் ஒவ்வொரு தடவையும் கைதட்டுவார். இளவயதில் கொலம்பியாவின் தலைநகரில் ஒரு சஞ்சிகையில் வேலை செய்தபோது, கை நல்லது, முகத்தை மட்டும் வாடிக்கையாளருக்குக் காட்டாதே என்று முதலாளி சொல்லியிருந்தாராம். ஒருமுறை இங்குள்ள ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தைக் காட்டினார். பொலிஸ் பிடித்த ஓர் இளைஞனின் படம். குற்றம் என்னவென்று வாசிக்கும் முன்பே அவர்கள் இனத்தைச் சொல்லும் 'லத்தீன்' என்ற சொல் பெரிதாகத் தெரிந்தது. "பார்த்தீர்களா? எங்களை வெளுப்பாக்காமல் போடுவது இந்த மாதிரிப் படத்தில் மட்டும்தான்" என்றார்.

அடுத்த கோடையில், நான் அங்கே இருந்த ஒரு சனிக்கிழமை, அதே ஆசிரியர் வந்தார். வாசனையும் வெள்ளைக் கைத்துண்டுமாக ஒரு கனவான். புதிய அழகுராணி ஹொண்டுராஸ்காரி, அவளும் கறுப்பு. கூட நின்ற ஸ்ரூடியோ உரிமையாளர் ஹொங்கொங்காரர் என்பதால் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"கொஞ்சம் வெளிச்சம் கொடுங்கள், சென்யோரா. வாசகர்கள் அப்படித்தான் விரும்புகிறார்கள்."

"எந்த வாசகர்? ஒரு பெயர் சொல்லுங்கள்."

"எல்லாரும்தான்."

"அந்த எல்லாரும்தானே மேடையில் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள்?" டோலோரெஸ் பென்சிலை மேசையில் வைத்தார். "நான் செய்ய மாட்டேன்."

உரிமையாளரின் முகம் மாறியது. அந்தப் பத்திரிகை வேலை போனால் டோலோரெஸின் வேலையும் ஆடும் என்பது அறையிலிருந்த நால்வருக்கும் தெரியும். ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லுங்கள். இங்கே வருகிறவர்களில் யாராவது வெள்ளை வேண்டாம் என்று சொன்னதுண்டா?"

வீட்டுக் கதையை அந்நியர் முன்னால் அவிழ்ப்பவள் அல்ல நான். கணவர் இறந்தபோதுகூடக் கோவிலில் அழாதவள். அன்று எழுந்து நின்றேன்.

"நான் வேண்டும் என்று கேட்டவள். அதனால் என் மகள் என்னோடு பேசுவதில்லை. இவர் உங்களுக்காகச் செய்தவர். இவருடைய மகளும் பேசுவதில்லை. இந்த ஹொண்டுராஸ் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள் அல்லவா?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நெகட்டிவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நியாயம் வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தப் படம் வேறெங்கோ வெளுத்து, அடுத்த வாரம் அட்டையில் வந்தது. டோலோரெஸுக்கு வாரத்தில் ஐந்து நாள் வேலை மூன்று நாளானது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. "உந்தக் கடையிலை இப்ப ஆக்களைக் கறுப்பாக்கி விடுகினமாம்" என்று ஒரு பெண்மணி பூசை முடிந்து என்னிடம் சொன்னார். "இல்லைப் பிள்ளை, நீர் எப்பிடிப் போனீரோ அப்பிடியே திருப்பித் தருகினம்" என்றேன். அதன்பின் அவர் என்னோடு பேசுவதில்லை. பெரிய நட்டமில்லை.

டோலோரெஸ் செய்தது இன்னொன்று உண்டு. மகளின் பழைய நெகட்டிவை எடுத்து, தான் தடவிய பென்சிலைப் பஞ்சால் துடைத்து எடுத்தார். அதைப் பெரிதாக அச்சிட்டு, ஸ்ரூடியோவின் கண்ணாடியில் தெருவைப் பார்த்து மாட்டினார். யாரோ மொன்றியலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, பஸ்ஸில் வந்து இறங்கிய கோலத்தில் கிராசியேலா கண்ணாடிக்கு வெளியே நின்றாள். நான் எழுந்தேன். டோலோரெஸ் என் கையைப் பிடித்து இருத்தினார். "அவள் பார்த்து முடிக்கட்டும்."

நெடுநேரம் கழித்து அவள் உள்ளே வந்தாள்.

"அம்மா, என் சங்கிலி கோணலாக இருக்கிறது. அதையாவது திருத்தியிருக்கலாமே?"

"திருத்துவதை விட்டுவிட்டேன்" என்றார் டோலோரெஸ். பிறகு இருவரும் ஸ்பானிய மொழியில் பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த ஆண்டே கிராசியேலா ரொறொன்ரோவுக்குத் திரும்பி வந்தாள். கடைசி வரை தாயோடு இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் விடைபெறும்போது டோலோரெஸ் என் கையில் ஓர் உறையைத் தந்தார். நான் கேட்காமலே ஜெசிந்தாவின் நெகட்டிவையும் துடைத்து அச்சிட்டிருந்தார். "இந்தப் பிள்ளையைச் சந்தித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பூசை முடிந்து பிக்கரிங்குக்கு ரெயில் ஏறினேன். ஜெசிந்தாதான் கதவைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை, படத்தை நீட்டினேன். வாசலில் நின்றபடியே பார்த்தாள்.

"இதிலை நான் உங்களை மாதிரி இருக்கிறன், அம்மா."

கறுப்பியான என்னைப் போல. அவளுடைய முகத்திலிருந்து நான் கேட்டு அழிப்பித்தது எதை என்று அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது. "ஓம்" என்றேன். "உள்ளை வாங்கோ" என்றாள்.

டோலோரெஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படம். வரவேற்பறையில், வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், அது என் மகளா, இளவயதில் நானா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குப் பெருமைதான்.