கவிழ்த்தும் சிந்தாத புட்டி

மலேசியாவின் ஈப்போவில் நான் வேதியியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருந்தார். சித்தியவானில் சாப்பாட்டுக் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகே மேற்படிப்புக்கு வந்தவர். எங்களில் மூத்தவர் அவர்தான். புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பவரும் அவர்தான்.

கொலஸ்ட்ராலையும் கிராம்பிலிருந்து எடுத்த ஓர் அமிலத்தையும் ஒரே மூலக்கூறாக இணைப்பது அவர் வேலை. அந்த அமிலம், செடிகளில் உண்டாகும் டெர்பினாய்டு என்ற சேர்ம வகை. ரப்பரும் அதற்குத் தூரத்து உறவு என்று சொன்னார். என் அம்மா ஆயர் தாவார் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்றேன்.

“அப்ப உங்க அம்மா நமக்கு சீனியர்லா” என்று சிரித்தார்.

அவர் தேடியது புற்றுநோய்க்கு ஒரு மருந்து. கிராம்பு அமிலம் தனியாகப் புற்றுநோய்ச் செல்லுக்குள் எளிதில் நுழையாது. கொலஸ்ட்ரால் கூட இருந்தால் உள்ளே போகும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் இரண்டும் நேராக ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் பழுப்புப் பிசின்தான் மிஞ்சியது. கடைசியில் நடுவே, இரண்டையும் பிடித்துக்கொள்ளும் கண்ணியாக, ஒரு சின்ன மூலக்கூறை வைத்துப் பார்த்தார். வெள்ளைத் தூள் கிடைத்தது. நாங்கள் கைதட்டினோம்.

செல்களில் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் நடக்கவில்லை. தூள் நீரில் கரையவே இல்லை. முடிவைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். பிறகு, “சரி, எதுலதான் கரையுதுன்னு பார்ப்போம்” என்று எழுந்தார்.

சூடான ஆல்கஹாலில் கரைந்தது. புட்டியை ஆறவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து எடுத்தால் உள்ளே இருந்தது அசையவில்லை. கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

“அகார் அகார் ஜெல்லி மாதிரி இருக்கு. இங்க வந்து பாரு” என்றார்.

மருந்தை விட்டுவிட்டு அந்தக் கூழைப் பிடித்துக்கொண்டார். எந்தத் திரவத்தில் உறைகிறது, எந்தச் சூட்டில் இளகுகிறது என்று பொறுமையாகத் தேடினார். அவர் அளவுக்கு என்னால் முடிந்திருக்காது.

ஆய்வை விளக்கிய நாளில் ஒரு பேராசிரியர், “நீங்க தேடினது மருந்துதானே?” என்று கேட்டார்.

“ஆமா சார், அது கிடைக்கல. கிடைச்சது இது” என்று அக்கா புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்.

பேராசிரியர் இருக்கையை விட்டு எழுந்து வந்து, அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.