மல்லிகா அக்காவின் தட்டு

நேற்று ஆம்பூர் பேருந்து நிலையத்தில் டீயை வாயருகே கொண்டுபோன நேரத்தில் கைபேசியில் ஓர் அழைப்பிதழ் வந்து விழுந்தது. தொண்டு நிறுவனங்களுக்கான ஊடக உத்திகள் பற்றி ஒருநாள் பயிலரங்கு. மூத்த அனுபவசாலியாக நான் பேச வேண்டுமாம். பேசினால் டீயைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. பல வருடங்களுக்கு முன் நான், இங்கே தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட கிணறுகளுக்காகப் போராடும் சின்ன அமைப்பில் இருந்தேன். நோட்டீஸ் எழுதுவதும் நிருபர்களைக் கூட்டிவருவதும் என் வேலை. போராட்டத்தில் எங்களோடு நின்ற மல்லிகா அக்காவின் கிணற்றுத் தண்ணீர் பார்க்கப் பளிங்காக இருக்கும். வாயில் வைத்தால் குமட்டும். யார் வந்தாலும் எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் ஊற்றி மதில்மேல் வெயிலில் வைப்பார். "குந்து தம்பி, காயட்டும்" என்பார். காய்ந்ததும் தட்டு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அவர் கேட்டதெல்லாம் தெருவுக்கு ஒரு குடிநீர்க் குழாய்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஓர் ஊடகப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் அட்டை, வாய் நிறைய ஆங்கிலம். "தட்டு காயற வரைக்கும் எவன் சார் வெயிட் பண்ணுவான்? கேமராவுக்குக் கலர் வேணும்" என்றார். அந்த ஆளை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் சொல்கிறவன் சொன்னால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று? கிணற்றுத் தண்ணீரில் டீ டிகாஷனைக் கலந்து அக்கா கையில் பாட்டிலைக் கொடுத்தவன் நான்தான்.

"இன்னா தம்பி, நம்ம தண்ணி இப்டியா இருக்குது?"

"போட்டோவுக்குத்தான், அக்கா."

என்னை நம்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படம் பத்திரிகையில் பெரிதாக வந்தது. மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், தொழிற்சாலை ஆளும் கூடவே. ஒரு வாளி இறைத்தார்கள். "கண்ணாடி மாதிரி இருக்குது. இன்னாம்மா, பொய் சொல்றியா?" என்றான் தொழிற்சாலைக்காரன். அக்கா தட்டை எடுக்க ஓடினார். "கொஞ்சம் குந்துங்க சார், காயட்டும்." ஒருவரும் உட்காரவில்லை. குழாய்ப் பேச்சு அன்றோடு முடிந்தது. கூட்டத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனேன். "டீ குடிக்கிறியா? இல்ல, பாட்டில்ல நீயே கொண்டாந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இப்போது அக்கா இல்லை. மதிலைச் சாலைக்காக இடித்துவிட்டார்கள், கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள். தெருவுக்குத் தண்ணீர் கேன் வண்டி வருகிறது. அழைப்பின் கடைசி வரியை நேற்று இரண்டுமுறை படித்தேன். பாட்டிலோடு அக்கா நிற்கும் அந்தப் படத்தை மறக்காமல் கொண்டுவர வேண்டுமாம். நல்ல ஊடக உத்திக்கு உதாரணமாகக் காட்டப்போகிறார்களாம்.