தாலுகா ஆபீஸுக்குப் போன நிலவுப் படம்

சென்னையில் ஒரு வெளிநாட்டு நூலகம் பள்ளிக்கூடங்களுக்கு நிலவின் படங்களை இலவசமாக அனுப்புகிறது என்று செய்தித்தாளின் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். நான் ஒரு கார்டு எழுதிப் போட்டேன். திருக்காட்டுப்பள்ளிக்கும் பூதலூருக்கும் நடுவில் ஒரு கிராமத்து உதவிபெறும் பள்ளியில் நான் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மனிதன் நிலவில் இன்னும் கால் வைக்கவில்லை. ஆளில்லாத விண்கலங்கள் அதைச் சுற்றி வந்து படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தன.

மூன்று வாரத்தில் என் பெயருக்கு ஒரு அட்டைக் குழாய் வந்தது. உள்ளே பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் செய்தித்தாளின் ஒரு பக்கம் அளவு. கறுப்பு வெள்ளை. எல்லாம் பள்ளங்கள், பெரிய பள்ளத்துக்குள் சின்னப் பள்ளம், அதன் விளிம்பில் இன்னொரு பள்ளம். விண்கலம் படத்தைக் கீற்றுக் கீற்றாக அனுப்பி, கீழே இருப்பவர்கள் ஒட்டிச் சேர்த்ததால் குறுக்கே மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடின. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆங்கிலத்தில் பள்ளத்தின் பெயரும் அளவும், அந்த வெளிநாட்டு நூலகத்தின் வட்ட முத்திரையும் இருந்தன.

கண்காட்சி வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் தாளாளரிடம் கேட்டார். தாளாளர் என்றால் ஊரின் பெரிய மிராசுதார். ஆட்சி மாறிய மறு வாரமே அவர் தோளில் இருந்த கதர்த் துண்டு போய், இரண்டு வண்ணக் கரை போட்ட துண்டு வந்துவிட்டது. நில உச்சவரம்பு பற்றிப் பேச்சு கிளம்பியதும் தன் நிலத்தையெல்லாம் உறவினர்களுக்குப் பிரித்து எழுதிவைத்தார். மருமகள் வயிற்றில் இருந்த குழந்தைக்கும் ஏதோ கொஞ்சம் நஞ்சை போனதாகச் சொல்வார்கள். மற்றபடி ஏழைகளின் தோழர் என்று சுவரொட்டியில் போட்டிருந்தது.

அவர் சம்மதித்தார், கட்சிப் பேச்சாளர் ஒருவர் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நிலா தமிழனுக்குப் புதிதில்லை என்றார். படங்களை அவர் பார்க்கவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஊர் ஜனம் பார்த்தது. நடவு முடிந்து வேலை இல்லாத நாட்கள். விவசாயக் கூலிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நிலவில் கடல் என்று பெயர் வைத்த இடங்களில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று நான் விளக்கியபோது ஒரு பெரியவர் தலையாட்டினார்.

"நம்ம கடைமடை வாய்க்கா மாதிரிதான். கணக்குல தண்ணி ஓடும்."

கடைசி நாள் ஒரு பெண் மட்டும் ஒரே படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றாள். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தாய். நாற்பது வயதிருக்கும், நடவுக்குப் பெண் ஆட்களைக் கொத்தாகச் சேர்த்து அழைத்துப் போகிறவள் என்பதால் வாய்க்குப் பயம் கிடையாது.

"டீச்சர், இந்தப் படம் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"மேய்ச்சல் புறம்போக்குல பள்ளம் வெட்டி வச்சிருக்காங்கல்ல, அச்சு அசலா இப்படித்தான் இருக்கு."

விஷயம் எனக்கும் தெரியும். கூலிக்காரர்கள் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த புறம்போக்கில் தாளாளர் செங்கல் காளவாய் போட்டு மண் வெட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய சினைப் பசு அதில் ஒரு பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து செத்துப்போனது. நான்கு முறை மனு கொடுத்தார்கள். ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் தாளாளருக்குச் சொந்தக்காரர். நான்கு முறையும் "பள்ளம் ஏதும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"இது நிலாம்மா" என்றேன்.

"நிலான்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? பள்ளம் இருக்குன்னு சொன்னா வர மாட்டேங்கறாங்க. படத்தைக் காட்டி, இந்த மாதிரி இருக்குன்னு சொன்னாலாவது வருவாங்களான்னு பாக்கறேன்."

எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. படத்தைச் சுருட்டிக் கொடுத்தேன்.

பிறகு அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுபவர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாதிரி கீதிரின்னு எழுதினா மனு நிக்காதும்மா" என்றாராம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, 'இத்துடன் இணைத்துள்ள படத்தில் கண்ட பள்ளங்கள்' என்று எழுதி, குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டார்.

நான்கு மனுவுக்கு அசையாத ஆபீஸ் பத்தே நாளில் வந்தது. பசுவுக்காக வரவில்லை. படத்தின் பின்னால் இருந்த முத்திரைக்காக வந்தது. வெளிநாட்டுக்காரன் நம் தாலுகாவை ஆகாயத்திலிருந்து படம் பிடித்திருக்கிறான் என்று ஆபீஸே கலங்கிப்போயிருந்தது. குறுக்கே ஓடிய கோடுகளைப் பார்த்து, அவன் சர்வேயும் முடித்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார். பள்ளத்தின் விட்டம் மைல் கணக்கில் அச்சாகியிருந்தது. ஒரு குமாஸ்தா அது அச்சுப்பிழை என்று கண்டுபிடித்து, பென்சிலால் அடி என்று திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்தை நானே பின்னால் பார்த்தேன்.

இரண்டு ஜீப்பில் தாசில்தாரும் சர்வேயரும் அளவுச் சங்கிலியோடு வந்து இறங்கினார்கள். தாளாளர் ஊரில் இல்லை, ஆள் அனுப்பியிருந்தார்கள். கர்ணம் பதிவேட்டைப் பிரித்து, அந்த இடம் பள்ளிக்கூட அறக்கட்டளையின் விளையாட்டுத் திடல் என்று காட்டினார். எங்கள் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்கள். என்னையும் கூட அழைத்துப் போனார்.

தாசில்தார் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே இறங்கியிருந்த சர்வேயரின் தலைகூட வெளியே தெரியவில்லை.

"இது உங்க ஸ்கூல் கிரவுண்டா சார்?"

"ஆமாங்க."

"இந்தப் பள்ளமெல்லாம்?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், கர்ணத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க நீளம் தாண்டறதுக்குங்க" என்றார்.

பள்ளத்துக்குள்ளிருந்து சர்வேயரின் குரல் வந்தது. "தாண்டி உள்ள விழுந்த பிள்ளைய எப்படி சார் வெளிய எடுப்பீங்க?"

சுற்றி நின்ற கூலிக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குச் சிரிக்கும் உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நானும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியருக்கு நான்கு பெண்கள். வேலை தாளாளர் கையில்.

மதியம் தாளாளர் வந்து சேர்ந்தார். படத்தை வாங்கிப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க இது, கண்காட்சியில மாட்டியிருந்த நிலா. டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. இது எந்த இடத்துப் படம்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பசுவைப் பறிகொடுத்தவள் முன்வரிசையில் நின்றிருந்தாள். எனக்கு வயது இருபத்துநான்கு. அப்பா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

"படம் நிலாவோடதுதாங்க" என்றேன். தாளாளர் தாசில்தாரைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். "ஆனா நாம நிக்கற பள்ளம் இங்கதான் இருக்கு" என்றும் சொன்னேன்.

வெளிநாட்டுச் சதி இல்லை என்றதில் தாசில்தாரின் முகம் தெளிந்திருந்தது. வந்தது வந்தாகிவிட்டது, அளந்ததை எழுதிவிடலாம் என்று சர்வேயரிடம் சொன்னார். சர்வேயர் தாலுகா வரைபடத்தில் இருந்தபடி இடம் மேய்ச்சல் புறம்போக்கு என்றும், பள்ளம் இத்தனை அடி என்றும் எழுதினார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. 'பள்ளிக்குச் சொந்தமான நிலவை முன் அனுமதியின்றி வெளியாருக்கு வழங்கியது' என்று குற்றச்சாட்டு. படங்கள் என் பெயருக்கு வந்தவை, நிலவு பள்ளிக்குச் சொந்தமில்லை என்று பதில் எழுதினேன். பணிவின்மை என்று இன்னொரு குற்றம் சேர்ந்தது. கல்வி ஆண்டு முடிவில் வேலை போயிற்று. அந்தக் கோடையில் தம்பியைப் படிப்பை நிறுத்திவிட்டு உரக்கடைக்குப் போகச் சொன்னேன். அவன் மறுபேச்சு பேசாமல் போனான். அதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் திருவையாற்றுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. தம்பி மறுபடி கல்லூரிக்குப் போனான்.

மனு என்னவாயிற்று என்றால், தள்ளுபடி ஆயிற்று. இணைத்த ஆதாரம் இந்தத் தாலுகாவின் எல்லைக்குள் வரவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். ஆனால் சர்வேயர் எழுதியது எழுதினபடியே இருந்தது. அடுத்த வருஷம் மனைப் பட்டா வழங்கும் விழாவுக்கு அமைச்சர் வருகிறார், அவசரமாக இடம் வேண்டும் என்று தேடியபோது, அளந்து தயாராக இருந்த புறம்போக்கு அது ஒன்றுதான். பதினெட்டுக் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். விழாவுக்குத் தாளாளர்தான் தலைமை. நிலத்தை மனமுவந்து அளித்த வள்ளல் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் கண்கலங்கிப் பேசினாராம்.

பசுவைப் பறிகொடுத்தவளுக்கு விழுந்த மனை, பாதிக்கு மேல் பள்ளம். அவளும் புருஷனும் மகளும் வாய்க்கால் தூர் வாரிப் போட்ட மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து இரண்டு கோடையில் தூர்த்தார்கள். மண்சுவரும் கீற்றும்தான் வீடு. பால் காய்ச்சும் நாளுக்குத் திருவையாற்றுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். நான் போனேன். தரை சாணம் மெழுகி ஈரமாக இருந்தது. மேற்கு மூலை லேசாகச் சரிந்திருந்தது.

அவள் பாயைக் கிழக்கே தள்ளி விரித்தாள்.

"இங்க உக்காருங்க டீச்சர். அந்த மூலை இன்னும் இறங்கிக்கிட்டுதான் இருக்கு."