வெயிலில் பார்க்க விடாத சேலை

கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஜவுளிக்கடைக்கு ஏசி வைத்தபோது, முகப்பு முழுக்கப் பளபளக்கும் தகடு அடித்து ஜன்னல்களை மூடினேன். பொள்ளாச்சிக் கடைகள் அப்படித்தான் இருந்தன. உள்ளே இருட்டிப் போனதால் பகலெல்லாம் விளக்கு எரிந்தது. விளக்குச் சூட்டுக்கும் சேர்த்து ஏசி முக்கி முனகியது.

நம் கேரளத்துக் கரண்டு அணைத் தண்ணீரில் வருவதுதானே, புகை ஏது என்று பேசிக்கொண்டிருந்தவன் நான். கோடையில் வெளி மாநிலத்திலிருந்து வாங்குவதில் நிலக்கரிக் கரண்டும் உண்டு என்று மின்சிக்கன வகுப்பு ஒன்றில் கேட்டுவிட்டு வந்து, ஊரையே திருத்தக் கிளம்பினேன். ஆனால் செய்தது ஒன்றுதான். கண்ணாடிக் கதவைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது என்று கடையில் சட்டம் போட்டேன். ஜன்னலை மறைத்த தகட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் விளக்கை நம்பிச் சேலை எடுக்க மாட்டார்கள். பிடித்ததை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்து, நிறம் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். அதற்காகக் கதவு நாளெல்லாம் திறந்து மூடுவது என் கண்ணை உறுத்தியது.

வடகரப்பதியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகனுக்குக் கல்யாணம், மருமகளுக்கு முகூர்த்தச் சேலை வேண்டும். அரக்குச் சிவப்பில் ஒன்று அவருக்குப் பிடித்தது.

"ஏனுங்க, ஒரு எட்டு வெளிய கொண்டுபோய்ப் பாத்துக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க அக்கா. கதவத் தொறந்தா குளிரெல்லாம் போயிரும். கரண்டு வீணாப் போயி உலகமே சூடாகுதுங்க. உள்ளயே பளிச்சுன்னுதான இருக்குது?"

கடையில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அந்தம்மா சங்கடமாகச் சிரித்துவிட்டு அதையே வாங்கிப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் திரும்பி வந்தார். அந்தச் சேலையில் குறுக்கே ஓடும் ஊடை கருப்பு நூல். கடையின் மஞ்சள் விளக்கில் சிவந்து நின்றது, வெயிலில் கருப்படித்திருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கருப்பா என்று பெண் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

அவர் சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க வெளிய கொண்டுபோகல. அந்தப் புள்ள அழுதுட்டே இருக்குதுங்க. இப்பவாச்சும் வெளிய பாத்து எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

கூசிப் போனேன். கதவை விரியத் திறந்து வைத்து, ஒவ்வொரு சேலையாக நானே வாசலுக்குத் தூக்கி வந்தேன். தைத்து வைத்த ரவிக்கைக்கு ஏற்றதாக ஒன்றும் அமையவில்லை. ஏறக்குறைய ஒத்துப்போன ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த வாரமே தகட்டைப் பிரித்தேன். ஜன்னல் வெளிச்சம் கடைக்கோடி அலமாரி வரை வந்தது. பகலில் விளக்கு வேண்டியதில்லை. ஏசி உச்சி வெயிலுக்கு மட்டும். சேலையை எல்லோரும் ஜன்னலோரமே விரித்துப் பார்க்கிறார்கள்.

புகையைக் குறைக்க வழிகாட்டும் கடை என்று வியாபாரிகள் கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். "இந்த யோசனை எப்படிங்க வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். அந்தம்மாவின் முகம் கண்முன் வந்தது. சொல்லியிருக்கலாம்.

"சும்மா, ஒரு நாள் தோணுச்சுங்க" என்றேன். வெட்கங்கெட்டவன், கைதட்டலுக்குக் கும்பிடு வேறு போட்டேன்.