பாக்கியம் சொல்லாத பதில்

ஒரு பெண் சொல்லாத பதிலை, அவள் சொன்னதாக டாக்டரிடம் சொன்னேன். யாருக்கோ உதவியிருக்கக்கூடிய சிறுநீரகங்கள் அதனால் மண்ணுக்குப் போயின.

பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தலைமை ஆசிரியராக, அதாவது அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த முருகையா, சோடாப் போத்தலில் இருந்த பூச்சி மருந்தைத் தெரியாமல் குடித்து, பதுளை ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்தார். அவர் மனைவி பாக்கியத்துக்குச் சிங்களம் தெரியாது. நான்தான் இடையில் நின்று மொழிபெயர்த்துப் பேசினேன்.

"சிறுநீரகங்களைச் சோதித்தோம், நன்றாக இருக்கின்றன. தானம் கொடுக்க விருப்பமா என்று கேளுங்கள்" என்றார் டாக்டர். நஞ்சு ஏறிய உடம்பிலிருந்து எடுப்பதா என்று எனக்கு அருவருப்பு. அவளிடம் கேட்காமலே, "விருப்பமில்லையாம்" என்றேன்.

சோதனையில் தேறினால் நஞ்சு குடித்தவர்களின் உறுப்புகளும் தானத்துக்கு ஆகும் என்பதை, அடக்கம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் விளக்கினார். மனம் உறுத்தி, பாக்கியத்திடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சேர். தின்னுற ரொட்டியையே பிச்சுக் குடுக்குற மனுசன் அவரு. அவர் ஒடம்ப நஞ்சுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்க?" என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

இப்போதும் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள்; இருதரப்பும் சொல்வதை அப்படியே சொல்கிறேன். அண்மையில், நஞ்சு குடித்து மூளைச்சாவு அடைந்த ஒருவனின் தாய்க்காகப் போனபோது, அந்தத் தாய்க்குத் துணையாகப் பாக்கியமும் வந்தாள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் நான் விளக்கியும், அந்தத் தாய் தானம் வேண்டாம் என்றாள். அதையே டாக்டரிடம் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில், அத்தனை நாளுக்குப் பிறகு முதன்முறையாகப் பாக்கியம் என்னிடம் பேசினாள்: "அவ சொன்னதைத்தானே சொன்னீங்க?"

"அதையேதாம்மா சொன்னேன்."

பையிலிருந்த ரொட்டியை எடுத்து, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.