கனகாம்பரம் வந்தால் ‘இங்’

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடி சேக்காட்டில் எங்கள் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை, அதுவும் தற்காலிகம். அந்த மாதத்தோடு எங்களை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. என்னைப்போல டைப்ரைட்டிங் படித்தவர்கள் ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் ஆபீசில் நிரந்தர வேலை என்றும் சொன்னார்கள். அப்பா வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆங்கிலம் எனக்கு ஓரளவு வரும். ஒரே ஓர் இடத்தில்தான் சறுக்கும். சில வினைச்சொற்களுக்குப் பிறகு ‘டு’ வரவேண்டும், சிலவற்றுக்கு ‘இங்’. வான்ட் என்றால் ‘டு கோ’, என்ஜாய் என்றால் ‘கோயிங்’. ஏன் என்று கேட்டால் டுடோரியல் சார் சிரிப்பார். அவர் தந்த வார்த்தைகள் வரிசையாக மனப்பாடம். எதற்கு எது என்பது மட்டும் மண்டையில் நிற்காது.

காலை ரயிலில், பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில், பாதி உறக்கத்தில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். வெயில் கம்பி வழியாக மடியில் விழும். எதிரே திருவள்ளூரிலிருந்து வரும் பூக்கார அக்கா, வெளியே வேடிக்கை பார்த்தபடியே பூக் கட்டுவார். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும்.

“இன்னா பாப்பா, டெய்லி மொணமொணன்னுகினு வர்றே? மந்திரமா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அட, ரெண்டே ரகந்தானே? நீ சொல்லு, நான் கட்டித் தர்றேன். பரிச்சைக்கு வெச்சிக்கினு போ.”

பரீட்சையன்று காலை நான் சார் தந்த தாளைப் பார்த்து வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் கட்டினார். ‘டு’ என்றால் மல்லி, ‘இங்’ என்றால் கனகாம்பரம். ஒரு வார்த்தைக்கு ஒரு கண்ணி. கடைசியில் அடையாளத்துக்குக் கொஞ்சம் மருக்கொழுந்து. அண்ணனூர் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டியே சேர்ந்துகொண்டது. கீரை ஆய்ந்தவர்கள்கூட ரயில் ஓடும் தாளத்துக்கு “டூ... இங்... இங்... டூ...” என்று இழுத்தார்கள். எனக்கு ஏதோ கனவில் போவது போலிருந்தது.

கம்பெனி வாசலில் வேறு பிரிவிலிருந்து பரீட்சை எழுத வந்த பெண் ஒருத்தி ஓடி வந்தாள். தலை ஈரம்கூடக் காயவில்லை.

“அக்கா, அவசரத்துல பூகூட வெக்காம வந்துட்டேன்.”

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் ஒருத்தி வெறுந்தலையோடு இருந்தால் நம் பூவில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் இது வெறும் பூவா? என் வேலை, என் வீட்டு அடுப்பு. மனசே வரவில்லை. ஆனாலும் கை தன்னால் தலைக்குப் போனது. பூவை எடுத்து, நாரைப் பல்லால் கடித்து, மருக்கொழுந்து இருந்த பின்பாதியை அவள் தலையில் வைத்துவிட்டேன். என்னைப் பாடாய்ப்படுத்தும் வார்த்தைகளெல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன.

உள்ளே கேள்வித்தாளைப் பிரித்தேன். வரிசையாக ‘டு’வும் ‘இங்’கும்தான். பூவைப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. பூ இருப்பது என் பின்னந்தலையில்! அதை நான் எப்படிப் பார்ப்பது? தொட்டால் எல்லாம் பூவாகத்தான் இருக்கிறது. கழற்றவும் வழியில்லை, மேற்பார்வையாளர் என் பக்கத்திலேயே நின்றார். பெட்டி நிறையப் பெண்கள் இருந்தும் ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லையே என்று அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நிமிர்ந்தேன். எனக்கு முன் இருக்கையில் அந்தப் பெண். அவள் ஈரக் கூந்தலில் மல்லியும் கனகாம்பரமும், ஓரத்தில் பச்சையாய் மருக்கொழுந்தும். மருக்கொழுந்திலிருந்து, கடைசி வார்த்தை தொடங்கிப் பின்னோக்கி, ஒவ்வொரு கண்ணியாகப் படித்தேன். என் தலையில் இருந்த பாதிக்குக் கண்ணை மூடினேன். ரயில் ஓடியது. பெட்டியே இழுத்துப் பாடியது.

எங்கள் இருவருக்குமே வேலை கிடைத்தது. பூக்கார அக்காவிடம் நடந்ததைச் சொன்னபோது கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அய்ய, பூ தலைக்குப் பின்னால இருக்கும்னு எனக்கும் தோணலியே!”

அன்று முழுப் பூவையும் நானே வைத்திருந்தால் ஒரு கண்ணியைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன் என்பது, பூ வாங்கிக் கிள்ளிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது.