விண்ணப்பதாரர் வீட்டு நாற்காலி

படிப்புக்கு உதவி கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் நிஜமாகவே இல்லாதப்பட்டவர்கள்தானா என்று பார்த்து எழுதுவதற்கும் ஓர் உத்தியோகம் உண்டு. ரங்கூனில் நான் அதைப் பார்த்தேன். நம் வியாபாரிகள் சிலர் சேர்ந்து, காலேஜ் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு நிதி வைத்திருந்தார்கள். அதற்கு நான் குமாஸ்தா. போகுமுன் வரும் நாளைச் சொல்லிக் கார்டு போடவேண்டும், வீட்டில் கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும் என்பது காரியதரிசியின் உத்தரவு. அடுத்தவர் வீட்டுப் படியேறிப் பிழைக்கும் அன்பர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

தாமுவே ஜவுளிக்கடைக்காரர்

ரங்கூனின் தாமுவே பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தம் மகனுக்காக எழுதிப் போட்டிருந்தார். நான் போனபோது கூடத்தில் ஒரு கிழிந்த பாய்தான் கிடந்தது. அதில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று சதுரமாகத் தெரிந்தன. வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள, நானும் உருகிப்போய்த்தான் எழுந்தேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. என்ன இருந்தாலும் நல்ல மனிதர், என்னை நனையவிட மனம் வரவில்லை. "செத்த இருங்க, பின்னால நம்ம மோட்டார் நிக்கிது, கொண்டாந்து விடச் சொல்றேன்" என்றார்.

அலோனில் விருந்து

அடுத்தது அலோன் பேட்டை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பொடிந்து படுத்துவிட்ட ஒருவரின் மனைவி பார்வதியம்மாள். மகன் கோவிந்தன், வடக்கே மேல் பர்மாவில் உறவினர் வீட்டில் இருந்து இண்டர்மீடியட் தேறி, இங்கே பி.ஏ. வகுப்பில் இடம் வாங்கியிருந்தான். ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்கவேண்டும் என்பது காலேஜ் விதி; அந்தக் கட்டணம் கட்டினால்தான் இடம் நிற்கும். இல்லையென்றால் அவனும் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும்.

அந்த அம்மாள் என்னைத் தேக்கு நாற்காலியில் உட்காரவைத்து, சுடச்சுட உளுந்து வடையும் வெள்ளித் தம்ளரில் காப்பியும் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டேன். ஆபீசுக்கு வந்து, தேக்கு நாற்காலி, வெள்ளித் தம்ளர், வடை என்று கண்டதைக் கண்டபடி எழுதினேன். காரியதரிசி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார். "வெள்ளியில காப்பி குடிக்கிற வீட்டுக்கு நம்ம தயவு எதுக்கு?" என்றார்.

மா மியாவின் அவசரம்

நாலு நாள் கழித்து, பார்வதியம்மாள் குடியிருந்த அதே வரிசையில் வேறொரு வீடு. அங்கேயும் தேக்கு நாற்காலி போட்டார்கள். கைப்பிடியில் செதுக்கிய கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. பார்வதியம்மாள் வீட்டில் நான் உட்கார்ந்த நாற்காலியின் கிளிக்கும் மூக்கு கிடையாது. காப்பியும் அதே நெளிந்த வெள்ளித் தம்ளரில் வந்தது. வாசலில் ஒரு பர்மாக்காரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வரிசை வீடுகளுக்குச் சொந்தக்காரி, பெயர் மா மியா. நாற்காலி யாருடையது என்று அவளைக் கேட்டேன்.

"என்னுது. நீ சுருக்கா எந்திரி, நாளைக்கி இன்னொரு வூட்டுக்கு வேற ஆபீசர் வராரு" என்றாள்.

கார்டு போடாமல்

எனக்கு அவமானமாக இருந்தது. கோவிந்தன் கட்டணம் கட்ட இரண்டு நாள்தான் பாக்கி. யாரையும் கேட்காமல் நேரே பார்வதியம்மாள் வீட்டுக்குப் போனேன். கோணிச் சாக்கில் உட்கார்ந்து நொய்யில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் பதறி எழுந்தார். மூலையில் பாயில் கிடந்த புருஷனையும் வெறுந்தரையையும் மாறிமாறிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். சிரட்டையில் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். விண்ணப்பம் தள்ளுபடி ஆனதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அன்று மாலையே நிதியின் தலைவரான அரிசி வியாபாரியின் வீட்டுக்குப் போய், நாற்காலி, தம்ளர் எல்லாம் இரவல், என் முதல் அறிக்கை தப்பு என்று ஒப்புக்கொண்டு, புதிய அறிக்கையை நீட்டினேன். அதில் வேறொன்றும் எழுதவில்லை. அந்த அம்மாள் என்னைக் கண்டதும் சொன்னதை மட்டும் எழுதியிருந்தேன்: "சொல்லாம வந்துட்டீங்களேய்யா, உக்காருங்கன்னு சொல்ல ஒண்ணுமில்லையே."

தலைவர் அதை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கோவிந்தனுக்கு இடம் நின்றது. எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. காகிதத்தை என் கையில் கொடுக்கும்போதுதான் தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏங்காணும், அத்தனை வடை தின்னீரே, இரவல் உளுந்துன்னு ஒரு வடையில கூடவா தெரியல?" என்றார்.

இல்லாமையை விசாரிக்கப் போகிறவனுக்குக் கண் மட்டும் இருந்தால் போதாது, கொஞ்சம் வெட்கமும் வேண்டும் என்பதை அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்ட நாட்களுக்கும் சேர்த்தே சம்பளம் கொடுத்தார்கள்.